ஓவர் எடுக்கும் நேரம்: மேஜையிலா, பெட் பக்கத்திலா?

கேஸ்ஷீட்காரி

ஷிஃப்ட் மாறும்போது ஓவர் (அடுத்த ஷிஃப்ட் நர்ஸ்கிட்ட நோயாளிகளை ஒப்படைக்கிறது) எப்படிக் கொடுக்கணும்னு பேச்சு வந்தாலே ரெண்டு கட்சி ஆயிடும். ஒரு கட்சி நர்சிங் ஸ்டேஷன்ல உட்கார்ந்து கேஸ் ஷீட்டைப் புரட்டி, பெட் நம்பர் வரிசையா வாசிச்சு முடிச்சுடும். இன்னொரு கட்சி பெட் பெட்டா நடந்து, நோயாளியைப் பார்த்துக்கிட்டே சொல்லும். நான் ரெண்டாவது கட்சி. ஏன்னு சொல்லிடறேன், அப்புறம் நீங்க வெளுத்து வாங்குங்க.

ஷீட்ல "சேலைன் 500, 4 மணி நேரத்தில்"னு இருக்கும். 3 மணி நேரம் கழிச்சுப் போய்ப் பார்த்தா பாட்டில்ல 400 அப்படியே நிக்கும். "ஆக்சிஜன் 2 லிட்டர்"னு இருக்கும். ஃப்ளோமீட்டர்ல பந்தோட நடு 4ல நிக்கும். யாரோ அவசரத்துக்கு ஏத்திவிட்டு எழுதலை. யூரின் குறைவுன்னு டாக்டருக்கு ஃபோன் போட்டாச்சுன்னு சொல்வாங்க. போய்ப் பார்த்தா கதீட்டர் குழாய் தொடைக்கு அடியில மடங்கிக் கிடக்கும். இதுல எதையும் மேஜையில உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

ஓவர்ல நீங்க கண்டிப்பா கையால தொட்டுப் பார்க்கிறது எது, வாயால சொன்னாப் போதும்னு விடுறது எது? அளவு, நேரத்தோட எழுதுங்க. "நோயாளி நலன் முக்கியம்"னு பொதுவா எழுதுறதெல்லாம் வகுப்புலயே கேட்டாச்சு.

ஐசியூ_ராக்கோழி

ஐசியூவில் இது விவாதமே இல்லை சிஸ்டர். பெட் பக்கத்தில்தான். ஆனால் "பெட் பக்கத்தில் நின்று வாசிப்பது" வேறு, "லைனைப் பிடித்துப் பார்ப்பது" வேறு. பல இடங்களில் முதலாவதுதான் நடக்கிறது.

நான் சொல்வது இதுதான். பம்பில் (மருந்தைச் சிறிது சிறிதாகத் தள்ளும் கருவி) இருக்கும் ஒவ்வொரு சிரிஞ்சிலிருந்தும் விரலால் குழாயைப் பிடித்துக்கொண்டே நோயாளியின் உடலுக்குள் போகும் இடம் வரை போக வேண்டும். நடுவில் த்ரீவே (குழாய்கள் சேரும் மூன்று வழித் திருகு) எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எந்த மருந்தோடு எது சேர்கிறது என்பது அப்போதுதான் தெரியும். ஃபியூரோசமைடும் மிடசோலமும் ஒரே லைனில் சந்தித்தால் கரையாத துகளாகப் படிந்துவிடும். ஃபெனிடோயினை டெக்ஸ்ட்ரோஸ் ஓடும் லைனில் கொடுத்தாலும் அப்படித்தான். அதற்குச் சேலைன் மட்டுமே. லேபிளைப் படித்தால் போதும் என்பவர்களுக்கு: லேபிள் சிரிஞ்சில் இருக்கிறது, கலப்பது த்ரீவேயில்.

அடுத்தது அடர்த்தி. "நார்அட்ரினலின் 5ல் ஓடுகிறது" (பிரஷரை ஏற்றும் மருந்து, மணிக்கு 5 மி.லி.) என்பது பாதித் தகவல். 50 மி.லி.யில் 4 மி.கி. போட்டிருந்தால் ஒரு மி.லி.க்கு 80 மைக்ரோகிராம், 5 மி.லி./மணி என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 6.7 மைக்ரோகிராம். அதே 50ல் 8 மி.கி. போட்டிருந்தால் பம்பில் எண் மாறாது, மருந்து இரண்டு மடங்கு. ஒரு ஷிஃப்ட் ஒற்றை அடர்த்தியில் கலந்து, அடுத்த ஷிஃப்ட் இரட்டையில் கலந்து, பழைய வேகத்திலேயே மாட்டினால் பிரஷர் எகிறும். பிறகு "திடீரென்று ஏறிவிட்டது" என்று எழுதுவார்கள். திடீரென்று ஒன்றும் ஏறவில்லை. அதனால் ஓவரில் மூன்று எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: எத்தனை மி.லி.யில் எத்தனை மி.கி., மணிக்கு எத்தனை மி.லி., அது எடைக்கு எத்தனை மைக்ரோகிராம்.

இன்னொன்று, சிரிஞ்ச் தீரும் நேரம். 5ல் ஓடும் சிரிஞ்சில் 4 மி.லி. மீதி வைத்துவிட்டு ஓவர் கொடுப்பது நாகரிகமில்லை. வருகிறவர் முதல் பெட்டையே முடித்திருக்க மாட்டார், அலாரம் அடிக்கும்.

டிரிப்கணக்கு

ராக்கோழி சொன்னதோட சிரிஞ்ச் மாத்துற முறையையும் எழுதிடறேன், அதுலதான் அதிகம் சொதப்பல்.

புது சிரிஞ்சை அரை மணி நேரம் முன்னாடியே கலந்து லேபிள் ஒட்டி வச்சுக்கணும். பம்ப்ல சிரிஞ்ச் கம்பெனியும் அளவும் சரியாத் தேர்ந்தெடுத்திருக்கான்னு பார்க்கணும். ஏன்னா பம்புக்குத் தெரிஞ்சது பிளஞ்சர் (சிரிஞ்சோட தள்ளுதண்டு) எவ்வளவு தூரம் நகருதுங்கிறது மட்டும்தான். உள் விட்டம் மாறினா அதே தூரத்துக்கு மி.லி. மாறிடும். சிரிஞ்சைப் பொருத்தினதும் நோயாளியோட இணைக்காம பர்ஜ் பட்டனை அழுத்தி குழாய் நுனியில சொட்டு வர்ற வரைக்கும் விடணும். பிளஞ்சருக்கும் தள்ளுற கட்டைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி அப்பதான் அடையும். அதை விட்டுட்டா மணிக்கு 2, 3 மி.லி.ன்னு ஓடுற மருந்து உள்ளே போக நிறைய நிமிஷம் ஆகும். பம்ப் ஓடுற மாதிரியே காட்டும், மருந்து போகாது.

பழைய சிரிஞ்சைக் கழட்டறதுக்கு முன்னாடி த்ரீவேயை நோயாளி பக்கம் மூடணும். திறந்து வச்சுக்கிட்டே சிரிஞ்சைப் பிடிச்சு இழுத்தா, அழுத்தினா, ஒரு சின்ன போலஸ், அதாவது ஒரே தள்ளுல மொத்தமா மருந்து, போயிடும். நார்அட்ரினலின்ல "சின்ன"ன்னு ஒண்ணு கிடையாது. பிரஷர் ரொம்ப ஆடுற நோயாளிக்கு ரெண்டாவது பம்ப்ல புதுசை ஓட்டி, அது பிடிச்சதும் பழசைக் குறைச்சு நிறுத்துறதுதான் நல்லது. எது செஞ்சாலும் ஓவர் நடக்கிற அந்த நேரத்துல செய்யாதீங்க.

பம்பை மேல கீழ மாத்தி மாட்டினாலும் வேகம் தற்காலிகமா மாறும். நோயாளி உயரத்துக்கே வைங்க.

மேஜைக்கட்சி

எல்லாம் சரி. ஐசியூவில் ஒருவருக்கு ஒரு நோயாளி, இரண்டு நோயாளி. பொது வார்டில் 30 பெட், டூட்டியில் இரண்டு பேர். பெட்டுக்கு 2 நிமிடம் என்றாலே ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் பெல் அடித்தால் யார் போவது? போகிற ஷிஃப்டுக்கு வீடு இல்லையா?

இன்னொரு விஷயத்தை யாரும் பேசவில்லை. பொது வார்டில் பெட்டுக்கும் பெட்டுக்கும் நடுவில் ஒரு திரை, சில இடத்தில் அதுவும் இல்லை. ஹெச்ஐவி, கருக்கலைப்பு, தற்கொலை முயற்சி, இன்னும் குடும்பத்துக்கே சொல்லாத புற்றுநோய் இதையெல்லாம் பக்கத்து பெட்காரர் காதில் விழும்படி சொல்லலாமா? பெட்சைட் ஓவர் என்று கொடி பிடிப்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான் சொல்லும் வழி: மேஜையில் 5 முதல் 7 நிமிடத்தில் மொத்த வார்டும். யார் புது அட்மிஷன், யார் நாளை சர்ஜரி, யாருக்கு எந்த ரிசல்ட் வர வேண்டும், ரகசியமாகச் சொல்ல வேண்டியது என்ன. பிறகு சிலரை மட்டும் பெட்டில் போய்ப் பார்ப்பது. அந்தச் சிலர் யார் என்பதை வெளியே போகிறவர் முடிவு செய்யக்கூடாது, விதியே முடிவு செய்ய வேண்டும்: ஆக்சிஜனில் இருப்பவர், பம்ப் ஓடுபவர், ரத்தம் ஏறுபவர், சர்ஜரி முடிந்து 24 மணி நேரத்துக்குள் இருப்பவர், ட்ரெயின் குழாய் உள்ளவர், குழப்பத்தில் இறங்கி ஓட முயல்பவர், கடைசியாக எடுத்த வைட்டல்ஸில் (நாடி, பிரஷர், மூச்சு, காய்ச்சல் போன்றவை) ஏதாவது ஒன்று சரியில்லாதவர். 30ல் 7, 8 பேர் வருவார்கள். பெட்டுக்கு 2 நிமிடம் என்றாலும் 15 நிமிடத்தில் முடியும்.

கேஸ்ஷீட்காரி

ரகசியம் பத்திச் சொன்னது நியாயம், ஏத்துக்கிறேன். நோயோட பேரு மேஜையில, குழாயும் காயமும் பெட்ல. பேரும் வேண்டியதில்லை, அங்கே பார்க்க வேண்டியது கண்ணுக்கும் கைக்கும்தான்.

ஆனா கேனுலாவை (மருந்து ஏத்த நரம்புல போட்டிருக்கிற சின்னக் குழாய்) மட்டும் "சிலருக்கு"ன்னு விட முடியாது. டிரிப் ஓடாத கேனுலாதான் யாரும் பார்க்காம மூணு ஷிஃப்ட் கிடக்கும். சிவப்பு, வீக்கம், தொட்டா வலி, நரம்பு கயிறு மாதிரி தட்டுப்படுறது, இந்த நாலையும் ஒரு நிமிஷத்துல பார்த்துடலாம். கேனுலா போட்ட நரம்போட அழற்சியை அளக்கிற விஐபி ஸ்கோர்ல 2 வந்தாலே, அதாவது வலி, சிவப்பு, வீக்கம்ல ரெண்டு சேர்ந்தாலே, எடுத்துட்டு வேற இடத்துல போடணும். "இன்னும் ஒரு டோஸ்தானே பாக்கி"ன்னு விடுறது தப்பு. கட்டு போட்டு மறைச்சிருந்தா கட்டைப் பிரிச்சுத்தான் பார்க்கணும்.

பயிற்சி_முடிஞ்சது

அக்கா, அண்ணா, புதுசா வார்டுக்கு வந்திருக்கேன். ஒரு சந்தேகம். மேலே சொன்ன மாதிரி 4 மணி நேரத்துக்கு எழுதின 500 மி.லி. 3 மணி நேரத்துல 100தான் போயிருக்குன்னா, மீதி ஒரு மணி நேரத்துல வேகமா விட்டு முடிச்சுடலாமா? சில சீனியர்ஸ் ரோலரை (சொட்டு வேகத்தை மாத்துற சக்கரம்) முழுசாத் திறந்து விடுறாங்க.

டிரிப்கணக்கு

கூடாது தம்பி. ஏன்னு கணக்கோட பாருங்க.

500 மி.லி. 4 மணி நேரத்துக்குன்னா மணிக்கு 125. 20 சொட்டு செட்னா, அதாவது 20 சொட்டு சேர்ந்தா ஒரு மி.லி., 125 × 20 ÷ 60, நிமிஷத்துக்கு 42 சொட்டு. 15 சொட்டு செட்னா 31. மைக்ரோ செட் 60 சொட்டுங்கிறதால மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு. எந்த செட்டுன்னு கவர்ல அச்சடிச்சிருக்கும். கவரைத் தூக்கிப் போட்டுட்டு ஊகத்துல எண்ணினா 20ஐ 15ன்னு நினைச்சு எண்ணுவோம். முழு நிமிஷம் எண்ணுங்க. 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கினா ஒரு சொட்டுப் பிழை நாலு சொட்டாயிடும்.

இப்ப உங்க கேள்வி. அந்த பாட்டில்ல பொட்டாசியம் ஒரு ஆம்பியூல் போட்டிருக்குன்னு வைங்க. 10 மி.லி.யில 20 மில்லிஈக்விவலன்ட். 125 வேகத்துல போனா மணிக்கு 5. மீதி 400ஐ ஒரு மணி நேரத்துல விட்டா மணிக்கு 16. சாதாரண கை நரம்புல மானிட்டர் இல்லாத வார்டுல மணிக்கு 10ங்கிறதுதான் வழக்கமான உச்சவரம்பு. பொட்டாசியம் இல்லாட்டியும் வயசானவங்க, இதயம் பலவீனமானவங்க, கிட்னி சரியில்லாதவங்களுக்கு ஒரு மணி நேரத்துல 400 போனா மூச்சுத் திணறல்தான்.

செய்ய வேண்டியது: ஏன் பின்தங்கிச்சுன்னு முதல்ல பாருங்க. முழங்கை மடிப்புல கேனுலா இருந்து கையை மடக்கியிருக்கலாம். ஸ்டாண்ட் உயரம் குறைஞ்சிருக்கலாம். ரோலர் ஒரே இடத்துல நின்னு குழாயை அழுத்தி அழுத்தி வேகம் தானா மாறியிருக்கலாம், அதனாலதான் ரோலரை நேரத்துக்கு நேரம் கொஞ்சம் இடம் மாத்தி வைக்கிறது. கடைசியா, கேனுலா நரம்பை விட்டு வெளியே வந்து தோலுக்கடியில போய்க்கிட்டிருக்கலாம். அதைச் சரி பண்ணிட்டு, பழைய 125லயே விட்டுட்டு, பின்தங்கினதை டாக்டர்கிட்ட சொல்லி எழுதுங்க. வேகத்தைக் கூட்டுறது அவங்க ஆர்டர்.

பொட்டாசியம் பத்தி ஒரு வரி, கேட்காமலே. தொங்கிக்கிட்டிருக்கிற பாட்டில்ல ஊசியைக் குத்தி ஏத்தாதீங்க. அது கனமான கரைசல், அடியில தங்கும். முதல் சில நிமிஷத்துல அடர்த்தியா அப்படியே போகும். இறக்கி, ரோலரை மூடி, கலந்து, குறைஞ்சது 10 தடவை கவிழ்த்து நிமிர்த்தி, அப்புறம் மாட்டுங்க. நேரா நரம்புல தள்ளுறதுங்கிற பேச்சே கிடையாது, இதயம் நின்னுடும்.

வெள்ளைசெருப்பு

ஓவரில் எல்லாம் கேட்பீர்கள், நிமிடத்துக்கு மூச்சு எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. எல்லா சார்ட்டிலும் 20. குறட்டை விட்டுத் தூங்குபவருக்கும் 20, ஆஸ்துமாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் 20.

ஐசியூ_ராக்கோழி

நூற்றுக்கு நூறு. 20க்குப் பதில் சில வார்டில் 18. அதுதான் வித்தியாசம்.

நகைச்சுவையாகத் தெரிந்தாலும் இதுதான் வார்டிலேயே விலை உயர்ந்த எண். நோயாளி மோசமாவதற்கு முன்னால் முதலில் மாறுவது பெரும்பாலும் மூச்சுதான். பிரஷர் கடைசியில்தான் விழும், அதுவரை உடம்பு சமாளிக்கும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012ல் கொண்டுவந்து 2017ல் திருத்திய, நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் நியூஸ்2 மதிப்பெண் அட்டவணையில் மூச்சு 12 முதல் 20 வரை 0 மதிப்பெண், 21 முதல் 24 வரை 2, 25ம் அதற்கு மேலும் 3. கவனியுங்கள், 20 என்று போட்டால் சரியாக எல்லைக்குள் நின்றுவிடுகிறது. உண்மையில் 26 ஆக இருப்பவரை 20 என்று எழுதினால் 3 மதிப்பெண் காணாமல் போகிறது. ஒரே அளவில் 3 வந்தாலே டாக்டர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும், மொத்தம் 5 வந்தாலும் அப்படியே, 7 என்றால் அவசரக் குழு. அந்தக் கதவு மூடிவிடுகிறது.

எண்ணும் முறை: நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மார்பில் வையுங்கள். "மூச்சை எண்ணுகிறேன்" என்று சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். முழு 60 செகண்ட். மானிட்டரில் வரும் மூச்சு எண் மார்பில் ஒட்டிய ஈசிஜி லீடுகள் வழியாக மார்பின் அசைவை அளந்து வருவது. நோயாளி இருமினாலும் பேசினாலும் புரண்டாலும் அதுவும் எண்ணும்.

சாச்சுரேஷனும் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) அப்படித்தான். "96 இருக்கு" என்று ஓவர் கொடுப்பார்கள். எதில் 96? வெறும் காற்றில் 96 என்பதும் மாஸ்கில் 8 லிட்டரில் 96 என்பதும் ஒன்றா? நியூஸ்2வில் ஆக்சிஜன் ஓடினாலே தனியாக 2 மதிப்பெண். காலையில் 2 லிட்டரில் 96, மாலையில் 6 லிட்டரில் 96 என்றால் அவர் மோசமாகிக்கொண்டிருக்கிறார், எண் மட்டும் அசையவில்லை.

மேஜைக்கட்சி

30 பெட்டுக்கு முழு 60 செகண்ட் என்றால் மூச்சுக்கு மட்டும் அரை மணி நேரம் ராக்கோழி. ஆள் கொடுக்கச் சொல்லுங்கள், எண்ணுகிறோம். 20 என்று எழுதும் பழக்கம் சோம்பேறித்தனத்தில் மட்டும் வருவதில்லை.

ஐசியூ_ராக்கோழி

அதை மறுக்கவில்லை. ஆனால் எண்ணாத இடத்தைக் காலியாக விட்டுவிடலாமே. காலியாக இருந்தால் அடுத்தவர் எண்ணுவார், இன்சார்ஜும் ஏன் எண்ணவில்லை என்று கேட்பார், ஆள் பற்றாக்குறை தாளிலேயே தெரியும். 20 என்று எழுதினால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்றுதான் மேலே போகும். ஆள் வேண்டும் என்று கேட்பவர் தன் வாதத்தையே தானே அழிக்கிறார்.

வெள்ளைசெருப்பு

👏 இதை இன்சார்ஜ் ரூமில் ஒட்டலாம்.

மருந்துட்ராலி

இழை ஓவரைப் பத்தினதுன்னாலும் மருந்து ரவுண்டைச் சேர்க்காம இருக்க முடியாது, ஏன்னா ரெண்டும் ஒரே நேரத்துல முட்டிக்கும். காலை 8 மணி மருந்து, 8 மணி ஷிஃப்ட். யார் இந்த நேரத்தை வச்சாங்களோ.

எல்லா மருந்தையும் அந்த 8 மணியில கொடுத்தே ஆகணும்னு இல்லை. அமெரிக்காவோட மருந்துப் பாதுகாப்பு அமைப்பான ஐஎஸ்எம்பி 2011ல வெளியிட்ட வழிகாட்டுதல் பிரிக்கிற விதம் நல்லா இருக்கும்: நேரம் தவறக்கூடாததுக்கு முன்பின் 30 நிமிஷம், ஒரு நாளைக்கு ஒண்ணு, வாரத்துக்கு ஒண்ணு மாதிரி மருந்துக்கு 2 மணி நேரம், தினம் ரெண்டு மூணு தடவை தர்றதுக்கு 1 மணி நேரம். சாப்பாட்டு இன்சுலின், பார்கின்சன் மாத்திரை முதல் வகை. விட்டமின் மாத்திரைக்காக ஓடுற ஓட்டத்துல இன்சுலின் தள்ளிப் போகக்கூடாது.

இன்சுலின்ல ஓவர் கொடுக்கும்போது வாய்ல வர வேண்டியது: எந்த வகை, எத்தனை யூனிட், கொடுத்தாச்சா, சாப்பிட்டாரா. கடைசி ரெண்டும் சேர்ந்து வரணும். "கொடுத்தாச்சு"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போனா, ஸ்கேனுக்காக வெறும் வயித்துல உட்கார்ந்திருக்கிறவருக்கு ஒரு மணி நேரத்துல வியர்த்துக் கொட்டும்.

சிரிஞ்ச் விஷயம் இன்னும் மோசம். ஒரு மி.லி.க்கு 40 யூனிட் வயலும் (மருந்துக் குப்பி) 100 யூனிட் வயலும் சேர்ந்து புழங்குற இடத்துல, சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 40 வயல்ல ஆரஞ்சு சிரிஞ்சை விட்டு 10 கோடு வரைக்கும் இழுத்தா போறது 4 யூனிட். மாத்தி, 100 வயல்ல சிவப்பு சிரிஞ்ச்ல 10 இழுத்தா 25 யூனிட். முதல் தப்புல சர்க்கரை ஏறும், திட்டு வாங்கலாம். ரெண்டாவது தப்புல ஆள் மயங்கிடுவார். வயலையும் சிரிஞ்சையும் ஒரே கையில பக்கத்துப் பக்கத்துல பிடிச்சு எண்ணைப் படிக்காம ஊசியைக் குத்தாதீங்க. இன்சுலின் சிரிஞ்ச் இல்லைன்னு 1 மி.லி. சாதா சிரிஞ்ச்ல கணக்குப் போட்டு இழுக்கவே கூடாது.

பயிற்சி_முடிஞ்சது

அதுக்குத்தானே ரெண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடுறது?

மருந்துட்ராலி

தம்பி, "இது 10 யூனிட்தானே அக்கா, ஒரு கையெழுத்துப் போடுங்க"ன்னு நீட்டுறது ரெண்டு பேர் பார்த்ததா? முதல் ஆள் விடையைச் சொல்லிட்டா ரெண்டாவது ஆள் கண்ணுக்கும் அதே விடைதான் தெரியும். ரெண்டாவது ஆள் ஆர்டரைத் தானே படிச்சு, தானே கணக்குப் போட்டு, அப்புறம் சிரிஞ்சைப் பார்க்கணும். கணக்கு ஒத்துப் போகலைன்னா சீனியர் சொல்றதுன்னு விட்டுடாம, ரெண்டு பேரும் புதுசா ஆரம்பிக்கணும்.

இதை எல்லா மருந்துக்கும் வச்சா ஒண்ணுக்கும் நடக்காது. இன்சுலின், ஹெப்பரின், பொட்டாசியம், மார்ஃபின் வகை, கீமோ, குழந்தைகளோட டோஸ், இதோட நிறுத்தணும்ங்கிறது என் அபிப்பிராயம். ஆன்டிபயாட்டிக்குக்கும் பாரசிட்டமாலுக்கும் ரெண்டு கையெழுத்து கேட்கிற இடத்துல பேனா மட்டும்தான் வேலை செய்யும்.

கேஸ்ஷீட்காரி

ட்ராலி தள்ளும்போது யாரும் கூப்பிடக்கூடாதுன்னு "தொந்தரவு செய்யாதீர்" மேலங்கி மாட்டிக்கிறாங்களே, அது உதவுதா?

மருந்துட்ராலி

கொஞ்சம். நோயாளியோட வீட்டுக்காரங்க மதிக்கிறாங்க, டாக்டர்கள்தான் மதிக்கிறதில்லை 🙂 மேலங்கியை விட, ஒரு நேரத்துல ஒரு நோயாளிக்கு மட்டும் மருந்து எடுக்கிறது பலன் தரும். நாலு பேருக்கு நாலு கப்ல முன்கூட்டியே போட்டு அடுக்கி வச்சா, நடுவுல ஒரு பெல் போதும், கப் மாறிடும். இழுத்த சிரிஞ்சைக் கையை விட்டுக் கீழே வைக்கிறதுக்கு முன்னாடி லேபிள். லேபிள் இல்லாத சிரிஞ்ச் ட்ராலியில இருந்தா, "இது சேலைன் ஃப்ளஷ்தான்"னு யார் சத்தியம் பண்ணினாலும் குப்பைக்குத்தான்.

வாய்மொழி ஆர்டரும் இங்கேதான் வரும். ஃபோன்ல கேட்டதை முதல்ல எழுதணும், அப்புறம் எழுதினதைப் பார்த்துத் திருப்பி வாசிக்கணும். நினைவுல இருந்து திருப்பிச் சொல்றதுல பயன் இல்லை. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி ரெண்டும் ஃபோன்ல ஒண்ணுதான், அதனால "ஒன், ஃபைவ்"னு எண் எண்ணா. எழுதும்போது 1.0ன்னு வேண்டாம், புள்ளி மங்கினா 10 ஆயிடும். 0.5ல முன்னாடி 0 கண்டிப்பா வேணும்.

ரத்தவங்கி_பக்கம்

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ரத்தப் பையைக் கொண்டுவராதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பை ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வந்து 30 நிமிடத்துக்குள் ஏற்ற ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஓவருக்கு 15 நிமிடம் முன்னால் வந்த பை மேஜையிலேயே கிடக்கிறது, "அடுத்த ஷிஃப்ட் போடட்டும்" என்று. போட முடியாமல் திரும்பி வந்தால் நாங்களும் எடுத்து வைக்க முடியாது.

பெயர், நோயாளி எண், ரத்த வகை, பை எண், காலாவதி இவற்றை இரண்டு பேர் பெட் பக்கத்தில், கையில் கட்டிய பட்டையைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். மேஜையில் கேஸ் ஷீட்டை வைத்துச் சரிபார்த்தால் பையும் தாளும் பொருந்துகிறது என்றுதான் தெரியும். ஆள் பொருந்துகிறாரா? பேசக்கூடியவர் என்றால் அவர் பெயரை அவர் வாயால் சொல்ல வையுங்கள். "நீங்கதானே இன்னார்" என்று கேட்டால் காது கேட்காத முதியவர் எதற்கும் தலையாட்டுவார்.

முதல் 15 நிமிடம் மெதுவாக, பக்கத்திலேயே. 15வது நிமிடத்தில் வைட்டல்ஸ். மோசமான ரியாக்‌ஷன் சில மி.லி. போனதுமே தெரிந்துவிடலாம், அதனால்தான் அந்த 15 நிமிடம் ஓவருக்குள் விழக்கூடாது என்கிறேன். காய்ச்சல், குளிர், முதுகுவலி, மூச்சு இரைப்பு எது வந்தாலும் நிறுத்துங்கள். செட்டை முழுதாகக் கழற்றிப் புது செட்டில் சேலைன் மாட்டுங்கள். பழைய குழாயில் இருக்கும் ரத்தத்தையே சேலைனால் தள்ளிவிடுபவர்கள் உண்டு. பையையும் செட்டையும் தூக்கி எறியாமல் எங்களுக்கு அனுப்புங்கள். கூடவே ஓடும் லைனில் சேலைன் மட்டும்தான். ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் இருக்கிறது, ரத்தம் உறையலாம். 5% டெக்ஸ்ட்ரோஸில் செல்கள் உடையும்.

மேஜைக்கட்சி

இதற்கு மறுப்பே இல்லை. எங்கள் பட்டியலில் ரத்தம் ஏறுபவர் ஏற்கெனவே இருக்கிறார். பெட்டில் போய்ப் பார்க்கும்போது ஆரம்பித்த நேரம் பையிலேயே எழுதியிருந்தால் 4 மணி நேரக் கணக்கு தேட வேண்டியதில்லை. லேபிள் மேல் எழுத வேண்டாம், தனி டேப்பில்.

பயிற்சி_முடிஞ்சது

கடைசியா ஒண்ணு. டூட்டி முடியற நேரத்துல சார்ட் எழுதவே நேரம் பத்தலை. 2 மணி வைட்டல்ஸை 1.30க்கே எழுதி வச்சுட்டு ஓவர் கொடுக்கிறாங்க. அது சரியா?

கேஸ்ஷீட்காரி

சரியில்லை. 2 மணிக்கு நோயாளி எப்படி இருந்தார்னு 1.30க்கு யாருக்கும் தெரியாது. 1.40க்கு எடுத்தா 1.40ன்னே எழுதுங்க, அதுல எந்தக் குற்றமும் இல்லை. விட்டுப் போனதை அப்புறம் எழுதினா "தாமதப் பதிவு"ன்னு போட்டு, நடந்த நேரமும் எழுதுற நேரமும் ரெண்டும் போடுங்க. தப்பா எழுதினதை ஒத்தைக் கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல கையெழுத்து. வைட்னர் வேண்டாம், கிறுக்கி மறைக்கவும் வேண்டாம்; கீழே இருந்தது படிக்கத் தெரியணும்.

நேரம் பத்தலைங்கிறதுக்கு: கடைசி ஒரு மணி நேரத்தைப் பின்னாடியிருந்து திட்டம் போடுங்க. 45 நிமிஷம் இருக்கும்போது யூரின் பேக், ட்ரெயின் எல்லாத்தையும் அளந்து காலி பண்ணி, இன்டேக் அவுட்புட் (உள்ளே போன, வெளியே வந்த திரவக் கணக்கு) கூட்டி முடிச்சுடுங்க. காலி பண்ணின பேக்கோட ஓவர் கொடுத்தா அடுத்தவங்க பூஜ்யத்துல இருந்து எண்ணலாம். யூரின் குறைவா இருந்தா குழாய் மடங்கியிருக்கா, பேக் மூத்திரப்பைக்குக் கீழே தொங்குதா, அடிவயிறு உப்பியிருக்கான்னு பார்த்துட்டு, அதுக்கப்புறமும் மணிக்கு கிலோவுக்கு 0.5 மி.லி.க்குக் கீழேன்னா டாக்டருக்குச் சொல்லுங்க. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30. அரை மணி நேரம் இருக்கும்போது தீரப்போற பாட்டிலையும் சிரிஞ்சையும் மாத்துங்க. அப்புறம் எழுதாம விட்டதை எழுதுங்க. புது அட்மிஷன் வந்தா, வைட்டல்ஸ் மட்டும் எடுத்து, அலர்ஜி கேட்டு, கையில பட்டை கட்டிட்டு, மீதியைப் பாக்கின்னு வெளிப்படையாச் சொல்லிக் கொடுங்க.

டிரிப்கணக்கு

அலர்ஜியை மேஜையிலயும் சொல்லுங்க, பெட்லயும் சொல்லுங்க. அது ஒண்ணு மட்டும் ரெண்டு தடவை வந்தாலும் யாரும் சலிச்சுக்க மாட்டாங்க. கூடவே என்ன ஆச்சுன்னும் கேளுங்க: தடிப்பா, மூச்சு இரைப்பா, வெறும் வயித்துப் புரட்டலா. மூணாவது பெரும்பாலும் அலர்ஜியே இல்லை, ஆனா சிவப்புப் பட்டை கட்டிட்டா நல்ல ஆன்டிபயாட்டிக் ஒண்ணு அவருக்கு வாழ்நாள் முழுக்கக் கிடைக்காமப் போயிடும்.

மேஜைக்கட்சி

சரி, எங்கள் வார்டு தாளில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்: கேனுலா எல்லாருக்கும் பெட்டிலேயே, ஆக்சிஜன் எத்தனை லிட்டர் என்பது சாச்சுரேஷனுக்குப் பக்கத்திலேயே. மூச்சுக் கட்டத்தைக் காலியாக விடலாமா என்பதற்கு இன்சார்ஜ் என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம். தாள் மாதிரி யாரிடமாவது இருந்தால் போடுங்கள், ஏ4 ஒரு பக்கத்துக்குள் 30 பெட் அடங்க வேண்டும்.